அம்மிணிக்கு ஒரு முறம் வெங்காயம்

போன வாரம் ரேஸ்கோர்ஸில் நடந்துகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார். "ரோட்டரியில வெளிநாட்டுப் பையன் ஒருத்தனை நாலு மாசம் வீட்டுல வெச்சுக்க முடியுமான்னு கேக்கறாங்க. உங்களுக்கு அனுபவம் இருக்குது. செய்யலாமுங்களா?"

செய்யலாம் என்றேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை போதாது என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டு என் மகன் ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் பிரேசில் போனான். 15 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகள் வேறொரு நாட்டில் ஒரு கல்வியாண்டு தங்கிப் படிக்கும் ஏற்பாடு அது. விமானச் செலவும் காப்பீடும் பெற்றோர் பொறுப்பு. தங்க வைக்கும் குடும்பத்துக்குப் பணம் எதுவும் கிடையாது. நம் பிள்ளைக்கு யாரோ அங்கே சோறு போடும்போது நாம் இங்கே கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா? ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியிலிருந்து 16 வயதுப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் பெயர் என் அம்மாவின் வாயில் நுழையவில்லை. முதல் நாளே "அம்மிணி" என்று கூப்பிட்டுவிட்டார். கடைசிவரை அதுவே நிலைத்தது.

வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும். அதற்காகப் பள்ளிக்கூடக் கடிதம், புகைப்படங்கள், எங்கள் வீட்டு முகவரிச் சான்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அந்த அலைச்சல் முடிந்ததும் என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

நாங்கள் செய்த தவறு, அவளை மிக நன்றாகக் கவனித்ததுதான். வீட்டில் ஏசி இருந்த ஒரே அறையை அவளுக்குக் கொடுத்தோம். காலையில் ரொட்டியும் ஜாமும். தட்டைக் கழுவ எழுந்தால், "நீ உக்காரு கண்ணு" என்று என் மனைவி பிடுங்கிக்கொள்வாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியில் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும்.

ஆறாவது வாரம், "ஏனுங்க, புள்ள ஊருக்குப் போறேங்குதுங்க" என்று மனைவி வந்து நின்றாள். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும், தங்கியிருக்கும் குடும்பத்தைச் சேராத ஆலோசகர் ஒருவர் இருப்பார். எங்கள் சங்கத்தில் அது ஒரு டாக்டர் அம்மா. அவளிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "உங்க மேல ஒரு குறையும் சொல்லலீங்க. ஆனா இந்த வீட்டுல தன்னால யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு சொல்றா. விருந்தாளியா எத்தனை நாளைக்குங்க இருக்க முடியும்?"

நானும் மனைவியும் அன்று ராத்திரி வெகுநேரம் பேசினோம். ஒரு வழியும் தெரியவில்லை. மறுநாள் அம்மாதான் வழி காட்டினார். அதுவும் தெரிந்து செய்யவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து, "இந்தா அம்மிணி, சும்மாதான நிக்கற, இதை உரி" என்று முறத்தைத் தள்ளினார். ஒரு வார்த்தை புரியாமலே அவள் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வழிய உரித்தார்கள். அவள் அழுததில் எவ்வளவு வெங்காயத்துக்கு என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் குடங்களை நிரப்புவது அவள் வேலை ஆயிற்று. ஒரு நாள் சொல்லாமல் சிநேகிதி வீட்டுக்குப் போய் இருட்டியபின் வந்தாள். என் மனைவி சொந்த மகளைத் திட்டுவதுபோலத் திட்டித் தீர்த்தாள். ஊருக்குப் போகும் பேச்சு அதன்பின் எழவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலை அவளுடைய தாத்தா இறந்த செய்தி வந்தது. இங்கேயே இருந்து படிக்கட்டும் என்று அவள் பெற்றோர் முடிவு செய்தார்கள். அவ்வளவு தூரத்தில், அடக்கத்துக்குப் போக முடியாமல் நிற்கும் பிள்ளையிடம் என்ன சொல்வது? எனக்கு வாய் வரவில்லை.

அம்மா வெந்நீர் போட்டு, "தலைக்கு ஊத்திட்டு வா அம்மிணி" என்றார். தாத்தாவின் படம் மடிக்கணினியில்தான் இருந்தது. அதை முக்காலியில் வைத்து முன்னால் விளக்கு ஏற்றினோம். திரை அடிக்கடி இருண்டுபோகும். மனைவி பக்கத்திலேயே நின்று விசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்று அம்மா கேட்கச் சொன்னார். உருளைக்கிழங்கு என்றாள். வேகவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டு வாழை இலையில் படைத்தோம். இது முறைதானா என்று அம்மா யாரையும் கேட்கவில்லை.

டிசம்பர் கடைசியில் அவள் அடுத்த குடும்பத்துக்கு மாறினாள். திட்டமே அப்படித்தான், ஒரே வீட்டில் வருடம் முழுக்க வைப்பதில்லை. தெரிந்திருந்தும் அன்று வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அங்கே அவளுக்கு வெங்காயம் கொடுக்கிறார்களா என்று அம்மா ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

2013இல் அம்மா காலமானார். அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வந்த பதிலின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது: பாட்டிக்கு என்ன படைத்தீர்கள்?

நண்பரே, தாராளமாக அந்தப் பையனை வரவழையுங்கள். ஏசி அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் வாரமே அவனுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்.