மல்லிக்குப் பத்தியம்

ஊட்டியில் குதிரைகளுக்கும் பஞ்சமில்லை, குதிரையைக் கண்டதும் கையிலிருப்பதை நீட்டுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஏரிப் பக்கம் பிஸ்கட் கிடைக்கும், மார்க்கெட் பக்கம் கழித்துப் போட்ட கேரட் கிடைக்கும். மல்லி அப்படி வளர்ந்த மட்டக்குதிரை. சவாரி வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து எங்கள் கொட்டகைக்குக் கூட்டி வந்தபோது வேலை நின்றது. வேலிக்கு மேலே வரும் தீனி நிற்கவில்லை. கழுத்தின் மேல்விளிம்பு தடித்துக் கெட்டியானதும், "நல்லா தேறிட்டா" என்று தெருவே சந்தோஷப்பட்டது. கால்நடை மருத்துவர்தான் அந்தக் கழுத்தை அழுத்திப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அதற்குள் அவள் முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளி நிற்க ஆரம்பித்திருந்தாள். திரும்பி நடக்கச் சொன்னால் அழுகிற முகம்.

அவர் சொன்ன பெயர் லாமினைட்டிஸ். குளம்புக்குள் இருக்கும் எலும்பைக் குளம்புச் சுவரோடு ஏறக்குறைய 600 மெல்லிய மடிப்புகள் பிடித்து நிறுத்துகின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேல் நுண்மடிப்புகள். நகமும் சதையும் போல என்கிறோமே, அதேதான். அந்தப் பிடி விட்டால் குதிரையின் எடை எலும்பைக் கீழே அமுக்கும், எலும்பின் முனை உள்ளங்குளம்பை நோக்கிச் சரியும். கிடங்கில் புகுந்து தானியத்தை அளவில்லாமல் தின்றாலும் இது வரும். குட்டி போட்டபின் நஞ்சுக்கொடி விழாமல் தங்கினாலும் வரும். ஒரு கால் முறிந்து அடுத்த கால் எல்லாப் பாரத்தையும் சுமந்தாலும் வரும். 2006-ல் கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோவுக்கு முறிந்தது வலது பின்னங்கால், லாமினைட்டிஸ் கண்டது இடது பின்னங்காலில். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் மாதக்கணக்கில் போராடியும் 2007 ஜனவரியில் ஊசி போட்டு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. 1973-ல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் வென்ற செக்ரட்டேரியட்டுக்கும் 1989-ல் இதே நோயால் இதே முடிவுதான். காசு இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்கிற நோயில்லை.

மல்லிக்கு வந்தது, தின்ற சர்க்கரையும் மாவும் ஏற்றிவிட்ட இன்சுலின் வழியாக. 2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமாக இருந்த மட்டக்குதிரைகளுக்கு இரத்தத்தில் இன்சுலினை மட்டும் தொடர்ந்து உயர்த்தி வைத்து, மூன்று நாளுக்குள் லாமினைட்டிஸை வரவழைத்துக் காட்டினார்கள். ஆக, வலி மருந்து வலிக்கு மட்டும்தான். அதையும் நீட்டிக்கொண்டே போனால் வயிறு புண்ணாகும். மிச்சம் எல்லாம் பத்தியம்.

பத்தியம் என்றால் எனக்கு வேலை. காய்ந்த புல்லைத் தொட்டியில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, சர்க்கரை இறங்கிய அந்தப் பழுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் போட வேண்டும். சத்தும் கூடவே போய்விடுவதால் தாது உப்புத் தூள் தனியாக. இங்கே மேடெல்லாம் பரவிக் கிடக்கிற கிக்குயு புல்லில் ஆக்சலேட் அதிகம். குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. மேய விட்டால் மாட்டுக்குப் போடுகிற வாய்க்கூடைதான். அடியில் ஒரு ஓட்டை, அதற்குள் நுழைகிற நாலு இலை மட்டும் அவளுக்கு. கொட்டகையில் கனமாக மணல். காலையில் காப்பிக்கு முன்னால் கணுக்காலுக்குப் பின்புறம் இரண்டு விரல் வைத்து நாடி பார்ப்பேன். நல்ல நாளில் அதைத் தேட வேண்டியிருக்கும். கெட்ட நாளில் விரலை உதைக்கும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அக்கம்பக்கம். சர்க்கரை வியாதிக்காரருக்கே "ஒரு வாய் சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஜிலேபி வைக்கிற ஊரில், குதிரைக்கு யார் இரங்கமாட்டார்கள்? மாட்டுப்பொங்கலன்று நான் உள்ளே விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேலியோரம் சர்க்கரைப் பொங்கலும் கரும்புத் துண்டும் போயிருக்கின்றன. தை முடிவதற்குள் மல்லி படுத்த இடத்தைவிட்டு எழ யோசித்தாள்.

லாடம் அடிக்க வருகிற பாய்க்கு இதை ஆள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளம்பு மேலிருந்து கீழாக மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. நோய் கண்ட நாட்களில் அந்த வளர்ச்சி தடுமாறி, சுவரில் ஒரு வரி விழும். முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் ஓடுகிற வரி. நீண்டுபோன முன்முனையை அரத்தால் தேய்த்துக்கொண்டே ஐப்பசியில் அவர் கட்டைவிரலைக் குளம்பின் அடியோரத்தில் வைத்துக் காட்டினார். "பொங்கல் இங்க வந்திருச்சு பாருங்க டீச்சர்." அதற்கு மேலே மூன்று விரல் அகலம் வழவழவென்று நல்ல குளம்பு. எங்கள் சித்திரையும் ஆடியும் அங்கே இருந்தன. "லாடத்தை நான் பாத்துக்கிறேன், தெருவ நீங்க பாத்துக்குங்க" என்று சாமானைக் கட்டிக்கொண்டு போனார்.

தெருவைப் பார்த்துக்கொள்வது எப்படி? அறிவிப்புப் பலகை எழுதி மாட்டினேன், மதித்தவர்கள் பிள்ளைகள் மட்டும். அவர்களிடம் ஊறவைத்த புல்லை ஆளுக்கு ஒரு பிடி கொடுத்துவிடுகிறேன், அவர்களே ஊட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஊட்டுவதுதான், எதை என்பதில் அக்கறையில்லை.

எதிர்வீட்டுப் பாட்டியிடம் இது செல்லவில்லை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி ஒரு படி கொள்ளை வேகவைத்துக் கொண்டுவந்துவிட்டார். குதிரைக்கென்றே பேர்போன தீனி, அதிலும் உடம்பைக் குறைக்கும், இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. வண்டி இழுத்த குதிரை தின்று செரித்த கொள்ளு அது பாட்டி, சும்மா நிற்கிறவளுக்கு அதிலுள்ள மாவே ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் அதே பாத்திரம் கொள்ளு ரசமாகத் திரும்பி வந்தது. "இது உனக்கு" என்றார். மல்லியின் கழுத்தைப் பற்றி மட்டுமல்ல, என் இடுப்பைப் பற்றியும் பாட்டிக்கு அபிப்பிராயம் உண்டு போலிருக்கிறது.