ஈ.சி.ஜி. நார்மல்... ஆனாலும் வலித்தது!

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



"மலருக்கு ஏதாவது கொடுடா" என்று மன்றச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. காதல் கவிதைக்கு நம் துறையிலேயே ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். என்னிடம் இருப்பது சர்டிபிகேட் பைலுக்குள் மடித்து வைத்த ஓர் ஈ.சி.ஜி. தாள்தான். போன ஆகஸ்டில் மெஷின்ஸ் லேபில் நான் 'மயங்கி விழுந்த' கதையை நீங்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள். காதல் தோல்வி என்றுகூட ஒரு பேச்சு உண்டாம்! முதலில் ஒன்று, நான் விழவில்லை. உட்கார்ந்தேன். நடந்தது இதுதான்.

அது 2024 ஏப்ரல். மறுநாள் நான்காம் செமஸ்டர் போர்டு எக்ஸாம். ஏற்கெனவே கணக்கில் ஒரு அரியர். பள்ளிபாளையம் பக்கம் எங்கள் வீடு, தறிப்பட்டறையை ஒட்டின லைன் வீடு. அப்பா நைட் ஷிப்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறேன். தறி நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். அன்றைக்கு மணி ரெண்டு இருக்கும். திடீரென்று தறிச் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தம் கேட்டது. என் நெஞ்சு. படபடவென்று, வெளியே வந்து விழுந்துவிடும்போல. இடது பக்கம் ஊசி வைத்த மாதிரி சுருக் சுருக்கென்று குத்தல். விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. தொண்டையில் யாரோ கை வைத்து அமுக்குவது போல இருந்தது.

எனக்கு உடனே பெரியப்பா ஞாபகம் வந்தது. 2019-ல் ஒரு ராத்திரி நெஞ்சு வலிக்குது என்றார். வாயுத் தொல்லை என்று சொல்லி ஓமத் தண்ணி கொடுத்தார்கள். விடிவதற்குள் போய்விட்டார். வயது 44. அடுத்தது நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன். பக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. எழுப்பினால் அப்பா தறியை நிறுத்துவார், ஆஸ்பத்திரி, செலவு, எக்ஸாம் போயிரும், இன்னொரு அரியர்... சாகிற நேரத்திலும் அரியரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்!

கால் மணி நேரத்தில் அது தானாகவே இறங்கியது. காலையில் போய் எக்ஸாம் எழுதினேன். பாஸும் ஆனேன். ஆனால் அது என்னை விடவில்லை. பஸ்ஸில் வந்தது. கேண்டீனில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சும்மா படுத்திருக்கும்போதுகூட வந்தது. வகுப்பில் சார் போர்டு பக்கம் திரும்பினால் என் கை கழுத்துக்குப் போய் நாடி பிடித்துப் பார்க்கும். இடது பக்கம் படுப்பதை விட்டேன். வாலிபால் விளையாடுவதை விட்டேன். டீமில் என்னைத் திட்டியது நினைவிருக்கும்; "முட்டி வலி" என்று பொய் சொன்னேன். போனில் நெஞ்சு வலி என்று தேடிப் பார்த்தேன். பத்து வரி படிப்பதற்குள் எனக்கு நாலு வியாதி வந்துவிட்டது. தூக்கம் வராததால் பகலில் ஆறு டீ. அந்த டீ என்ன செய்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம்தான் ஆகஸ்டும் அந்த லேபும். இன்டக்ஷன் மோட்டார் லோடு டெஸ்ட். நான் டேக்கோமீட்டர் பிடித்திருந்தேன். ரீடிங்கைச் சொல்ல வாய் திறந்தேன், மூச்சு வரவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பேட்ச்மேட் ஒருவன் பைக்கில் வைத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். (அவன் பெயரைப் போடவேண்டாம் என்கிறான். பெட்ரோல் காசும் இதுவரை வாங்கவில்லை.) ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். அப்பா தறிக்கார முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "எல்லாம் நார்மல். ஒண்ணுமில்ல. பையன் பயந்திருக்கான்" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பில் 3,800 ரூபாய்.

பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் வலியைவிட வலித்தது. ஒண்ணுமில்லாததுக்கு 3,800 ரூபாய்! ஏதாவது ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். அன்று ராத்திரியே மறுபடி வந்தது. இப்போது யாரிடமும் சொல்லவும் முடியாது. 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே.

மூன்று வாரம் கழித்து அம்மாதான் என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் தூங்கவில்லை என்பது தெரியும். ஓ.பி. சீட்டு வாங்கி ரெண்டு மணி நேரம் வரிசை. அங்கே இருந்த டாக்டரம்மா பழைய தாளை வாங்கி மேஜையில் விரித்துவிட்டு, "என்ன படிக்கிற?" என்றார். மின்னியல் என்றேன். "அப்ப இது உன் சப்ஜெக்ட்தான், வா" என்று பேனாவை என் கையில் கொடுத்தார்.

நண்பர்களே, நம் லேபில் சி.ஆர்.ஓ. இருக்கிறதல்லவா, அதேதான். ஈ.சி.ஜி. தாள் ஒரு செகண்டுக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சின்னக் கட்டம் 0.04 செகண்ட். மேல்நோக்கிப் பத்துச் சின்னக் கட்டம் என்றால் ஒரு மில்லிவோல்ட். ஒரு நிமிஷத்துக்கு 1,500 சின்னக் கட்டம். ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணச் சொன்னார். 14. வகுத்துப் பார்த்தால் 107. சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்கலாம். பயந்துபோனவனுக்கு 107 ஒன்றும் பெரிதில்லை. "வேகம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா ஒவ்வொரு துடிப்பும் ஒரே மாதிரி, ஒழுங்கா வருது பாரு. மோட்டார் நல்லா இருக்கு. அதுக்குப் போற சிக்னல்தான் ஜாஸ்தி" என்றார். மாதக்கணக்காக என்னைக் கொன்றுகொண்டிருந்த அலையை அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன். இந்தக் கருவிக்கு அடிப்படை வைத்தவர் ஹாலந்து நாட்டு ஐந்தோவன். அவர் பயன்படுத்தியதும் ஒரு கால்வனாமீட்டர்தான்! நோயாளியின் ரெண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் வைத்து அளந்தார். 1924-ல் நோபல் பரிசு வாங்கினார். நாம் கால்வனாமீட்டரை ரெக்கார்டு நோட்டில் படம் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

"அப்ப வலி பொய்யா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையே. "வலி நிஜம். இதயத்துலதான் கோளாறு இல்ல" என்றார். மனது பயந்தால் மூளை உடம்புக்கு 'ஆபத்து' என்று சிக்னல் அனுப்புகிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் இறங்குகிறது. துடிப்பு ஏறுகிறது. நெஞ்சுக்கூட்டுத் தசை இறுகிப் பிடிக்கிறது, அது குத்துகிறது. மூச்சு வேகவேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கார்பன்டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் விரல் மரத்துப் போவதும் தலை சுற்றுவதும். இதைக் கவனித்து நாம் இன்னும் பயப்படுகிறோம். பயம் துடிப்பை ஏற்ற, துடிப்பு பயத்தை ஏற்ற... பாசிட்டிவ் பீட்பேக்! ஆறு டீயும் அரைத் தூக்கமும் அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தன.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் பலர் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். சோதித்தால் இதயத்தில் நோய் தெரியவில்லை. ஜேக்கப் டா காஸ்டா என்ற டாக்டர் முந்நூறு பேருக்கு மேல் பார்த்து 1871-ல் எழுதினார். 'சிப்பாய் இதயம்' என்று அதற்குப் பெயரே வந்தது. துப்பாக்கிக்கு முன்னால் நின்றவனுக்கே வந்திருக்கிறது என்றால், எக்ஸ்டர்னலுக்கு முன்னால் நிற்கிற எனக்கு வரக்கூடாதா?

ஆனால் ஒன்று. டாக்டரம்மா இதையெல்லாம் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. படி ஏறும்போது வலிக்குதா, சும்மா இருக்கும்போதா, எப்பவாவது மயங்கி விழுந்தியா, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று செத்தார்களா என்று துருவித் துருவிக் கேட்டார். பெரியப்பா கதையை முழுதாகக் கேட்டார். ரத்த சோகை, தைராய்டு இருந்தாலும் படபடப்பு வரும் என்று அதற்கும் டெஸ்ட் எழுதினார். எல்லாம் பார்த்த பிறகுதான் 'பயம்' என்ற வார்த்தை வந்தது. ஆகவே முதல் தடவை நெஞ்சு வலி வந்தால் "அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தானே, பயம்தான்" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்! உழைக்கும்போது வருகிற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, குப்பென்று வியர்ப்பது, மயக்கம் இதெல்லாம் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஓமத் தண்ணியோடு உட்காராதீர்கள்.

பிறகு அங்கேயே மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அந்தப் பலகையைப் பார்த்ததும் நான் திரும்பி நடந்தேன், உண்மையைச் சொல்கிறேன். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அங்கே யாரும் பைத்தியம் இல்லை. என்னைப் போல ரெண்டு பசங்க, குழந்தையோடு ஒரு அக்கா, ஒரு ரிடையர்டு வாத்தியார். கவுன்சலர் வயிறு உப்புகிற மாதிரி நாலு எண்ணி மூச்சு இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல்லிக் கொடுத்தார். வரும்போது ஓடாதே, நாடி பிடிக்காதே, பத்து இருபது நிமிஷத்தில் அதுவே இறங்கும் என்றார். அதைவிடப் பெரிய மருந்து, அவர் கேட்ட கேள்வி: "பெயில் ஆனா என்ன ஆகும்னு பயப்படுற?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அழுதேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான். என் ஃபீஸில் ஒவ்வொரு ரூபாயும் அப்பா ஓட்டின தறி. நான் ஒரு பேப்பரில் விழுந்தால் நான் மட்டுமா விழுகிறேன்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. (ஆஸ்பத்திரி தூரம் என்றால் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மனஸ், இலவசம், தமிழிலேயே பேசுகிறார்கள்.)

இப்போது முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. கேம்பஸ் இன்டர்வியூ வரிசையில் வந்தது. மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன், உள்ளே போனேன். அந்தக் கம்பெனியில் என்னை எடுக்கவில்லை. அதற்கு நெஞ்சு காரணமில்லை, என் இங்கிலீஷ்தான் காரணம். வாலிபால் மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு நாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீடி பற்ற வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "அட்வான்ஸ் கேக்கப் போற அன்னிக்கு எனக்கும் இப்படித்தான் கண்ணு அடிச்சுக்கும். பீடியாலேன்னு நெனச்சேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, உங்களுக்கு வயசு 47. பெரியப்பா உங்க கூடப் பொறந்த அண்ணன். உங்களுக்குப் பயம்னு நாம சொல்லிக்க முடியாதுங்க, வாங்க" என்றேன். ஒரு நாள் கூலி போகும் என்று ரெண்டு வாரம் தள்ளினார். கடைசியில் கரண்ட் நிறுத்தின ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்.

அவர் ஈ.சி.ஜி.யில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிரஷர் 160-க்கு 100. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், எக்கோவுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் தாளையும் என் தாளையும் சேர்த்துப் பிடித்து, துணியில் குறை பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உன்னுது நெருக்கமா ஓடியிருக்குது. என்னுது தள்ளித் தள்ளி ஓடுது" என்றார். சரியாகத்தான் சொன்னார்! பீடியை நிறுத்தச் சொல்லி டாக்டரம்மா திட்டினதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. அதை நான் சொல்லிவிட்டேன்.