‘நீயென்றால் சேர்வாயா?’

என் சகோதரியின் மகள் லண்டனில் தாதியாகப் பணிபுரிகிறாள். அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, தான் இப்போது ஆராய்ச்சித் தாதி என்றாள். வைத்தியர்கள் செய்யும் ஆய்வில் தாதிக்கு என்ன வேலை என்று கேட்டேன். நோயாளிக்கு ஆய்வை விளக்குவது, சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் பெறுவது, குறித்த நேரத்தில் இரத்தம் எடுப்பது, மருந்தினால் உபாதை தோன்றினால் உடனே பதிந்து அறிவிப்பது என்று அடுக்கினாள். பிறகு சொன்னாள்:

“டொக்டர் விளங்கப்படுத்திப்போட்டுப் போயிடுவார், மாமா. பிறகு ஆக்கள் என்னைத்தான் கேட்பினம், ‘நீயெண்டாச் சேருவியோ?’ எண்டு.”

அக்கேள்வி எனக்கு யூனிஸ் ரிவர்ஸை நினைவூட்டியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதார சேவை 1932இல் தொடங்கிய டஸ்கீகி ஆய்வில் பணியாற்றிய கறுப்பினத் தாதி அவர். சிபிலிஸ் நோய் சிகிச்சையின்றி விடப்பட்டால் உடலை எவ்வாறு அழிக்கிறது என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். சேர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 600 ஏழைக் கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு அந்நோய் இருந்தது. அவர்களிடம் சொல்லப்பட்டதோ ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டுமே. வைத்தியர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள், ரிவர்ஸ் மாறவில்லை. தமது காரில் அவர்களை ஏற்றிச் சென்றார். வீடு தேடிப்போய் நலம் விசாரித்தார். மரணச் சடங்குகளிலும் கலந்துகொண்டார். அவரை நம்பியே அவர்கள் வந்தார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் அந்நோய்க்குரிய மருந்தாகிவிட்ட பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. 1972இல் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்திக்குப் பிறகே ஆய்வு நிறுத்தப்பட்டது.

பத்திரிகையாளன் என்ற முறையில் ஹெல்லரை எண்ணிப் பெருமைப்பட்டு இவ்விடத்தில் முடித்துவிடலாம். மனம் கேட்கவில்லை. ரிவர்ஸ் கொடியவர் அல்லர். அவருடைய அன்பு பொய்யென்று நான் நினைக்கவில்லை. அந்த அன்பே உண்மையை மறைக்கும் திரையாயிற்று. மேலிடத்து அறிக்கைகளை விசாரியாமல், என் பெயரிட்டு அச்சேற்றிய நாட்கள் எனக்கும் உண்டு. வாசகர்கள் நம்பியது அறிக்கையை அல்ல, என் பெயரை.

அடுத்த முறை பேசியபோது மருமகளிடம் கேட்டேன்: “அப்பிடிக் கேட்டால் நீ என்ன சொல்லுவாய்?”

“சேரச் சொல்லியும் சொல்லமாட்டன், வேண்டாமெண்டும் சொல்லமாட்டன் மாமா. நீங்கள் மாட்டனெண்டாலும் உங்கடை வைத்தியத்திலை ஒரு குறையும் வராது, சேர்ந்த பிறகும் எப்பவும் விலகலாம் எண்டு சொல்லுவன்.”

டஸ்கீகியில் அந்த மனிதர்களுக்கு ஒருவரும் சொல்லாத வார்த்தைகள் இவை.