பழைய காமிக்ஸும் திருச்சி மாவட்ட சீலும்

இந்தத் தடவை படிப்பு, பரீட்சை எதுவும் இல்லை. காமிக்ஸ்.

பழைய காமிக்ஸ் கையில் கிடைத்தால் எல்லோரும் அட்டையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் தேடுவது உள்பக்கத்திலோ கடைசிப் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் இருக்கும் வரியை. அச்சிட்டவர் யார், எந்த ஊர், வெளியிட்டவர் யார் என்று அதில் இருக்கும். 1867-ம் வருட அச்சகச் சட்டப்படி அது அப்போது கட்டாயமாக இருந்தது. வெள்ளைக்காரன் கண்காணிக்கப் போட்ட சட்டம், இன்று நமக்குத் துப்பு :-)

இது ஏன் முக்கியம்? இங்கிலாந்தில் 1962-ல் வேலியண்ட் இதழில் வந்த கதைதான் 1972-ல் சிவகாசியில் 'இரும்புக்கை மாயாவி' ஆகி, முத்து காமிக்ஸின் முதல் இதழானது. 1984-ல் லயனும் ராணியும் வந்தன. பின்னாளில் பழைய முத்து கதைகள் 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் மறுபதிப்பாயின. ஆக, கதையின் தலைப்பு ஒன்றே போதாது. வரிசையின் பெயர், இதழ் எண், விலை, அந்தப் பொடி வரி எல்லாம் ஒத்துப்போக வேண்டும். தலைப்பை நம்பிப் பணம் அனுப்பிவிட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு.

அடுத்தது கண்டிஷன். அட்டையில் நாயகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறியிருந்தால் அது யாரோ கெடுத்ததல்ல. நாலு மையும் தனித்தனியாக அச்சாகும்போது ஒன்று கொஞ்சம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அது பிறவி மச்சம். மடிப்பு, கிழிசல், செல்லோடேப், துருப்பிடித்த பின் இதெல்லாம் பிறகு பட்ட காயம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது. தாள் பழுப்பது மட்டும் யார் கையிலும் இல்லை. மலிவுத் தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கும், வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் மாறியே தீரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரியலூரில் இருக்கும் என் மாமாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய காமிக்ஸ். வீட்டில் செலவு இருந்தது, கொஞ்சம் விற்கலாம் என்றார். வாங்க வந்தவர் போனிலேயே சொல்லிவிட்டார்: பேர், சீல் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் பாதி விலை.

ஏழு புத்தகத்தில் வாடகை நூல் நிலைய சீல். "இங்க் ரப்பர் வச்சுத் தேச்சா போயிடும்ல மாப்ள?" என்றார் மாமா.

"தேய்க்காதீங்க மாமா, ஊர் பேரைப் படிங்க" என்றேன். 'அரியலூர், திருச்சி மாவட்டம்' என்று இருந்தது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியும். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-ல். அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் திரும்ப பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. (இரண்டு ஊர்க்காரர்களும் இங்கே சண்டைக்கு வர வேண்டாம்.) அப்படியென்றால் அந்த சீல் செய்தது 1995-க்கு முன்னால். இந்தப் புத்தகம் நம்ம ஊரில் வாடகைக்குப் போய் பல கை மாறியது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அந்தக் கடையும் இன்று இல்லை.

அமெரிக்காவில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000-லிருந்து காமிக்ஸுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிறது. அங்கேகூட கடைக்காரர் அட்டையில் குத்திய வரவுத் தேதியைப் பெரிய குறையாக எடுப்பதில்லை. அங்கே தேதிக்குக் கிடைக்கிற மன்னிப்பு நம்ம நூல் நிலைய சீலுக்கு ஏன் இல்லை? வாடகைக்கு வாங்கித்தானே நம்மில் பலர் வீட்டில் படித்தார்கள்! காமர்ஸ் வகுப்பில் கையிருப்புச் சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் எழுதச் சொல்வார்கள். அட்டையில் பைசாக் கணக்கில் விலை போட்ட புத்தகத்தை அப்படி எழுதினால் மாமா என்னை அடிக்க வருவார்.

கடைசியில் எதையும் தேய்க்கவில்லை. சீல் நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, பின்னில் துரு, ஓரத்தில் செல்லரிப்பு, இன்ன பக்கம் கிழிசல் என்று எழுதி அனுப்பினோம். வந்தவர் நாலு எடுத்துக்கொண்டார், பாதி விலைக்குத்தான். மிச்சம் மூன்றை மாமா வேப்பிலை போட்டு பெட்டிக்குள் வைத்துவிட்டார். "முழு விலை தர்றவன் வரட்டும்" என்கிறார்.