கேம்ல சத்தம் வருதில்லையா? கடைக்குப் போக முதல்...



லீவு தொடங்கினால் மாபோலை, ஹுணுப்பிட்டிப் பக்கமிருந்து எங்களுக்கு ஒரே மாதிரி கோல்தான்: "சேர், மகன்ட கேம்ல சத்தம் வருதில்ல." கம்பியூட்டர் படிப்பிக்கும் நாங்கள் ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம். அநேகமாக நீங்களே சரிசெய்யக்கூடிய சின்ன விசயமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் ஸ்பீக்கரில் பிழையில்லை. கேமின் செட்டிங்ஸையும் விண்டோஸின் வொல்யூம் மிக்சரையும் பாருங்கள். அந்த கேம் மட்டும் மியூட் ஆகியிருக்கலாம். எதிலுமே சத்தமில்லை என்றால், எச்டிஎம்ஐ வயரால் கொளுவிய மொனிட்டருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கலாம். கீழே வலப்பக்க ஸ்பீக்கர் அடையாளத்தில் மாற்றிவிடுங்கள்.

பழைய கேம்களின் கதை வேறு. 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், கேம் சவுண்ட் கார்டோடு நேரே பேசும் வழியை மைக்ரோசொப்ட் எடுத்துவிட்டது. அதற்கு முந்திய சில கேம்களில் எதிரொலியும் சுற்றிவரும் சத்தமும் காணாமல் போனது அதனால்தான். கேமின் ஃபோல்டருக்குள் ஒரு சிறு ஃபைலைச் சேர்த்துத்தான் அதைத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

இனி முக்கியமான விசயம். ஒரு பக்கத்தால் மட்டும் கேட்கவில்லையென்று பிள்ளை சொன்னால், ஹெட்செட்டை இடம் வலம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். குறை மற்றக் காதுக்கு மாறினால் பிழை கம்பியூட்டர் பக்கம். மாற்றிய பிறகும் அதே காதில்தான் கேட்கவில்லையென்றால், கம்பியூட்டரை விட்டுவிட்டுப் பிள்ளையின் காதைக் காட்டுங்கள்.

போன வருடம் ஒரு வீட்டில் வாப்பா ரெண்டாவது ஹெட்செட்டும் வாங்கிவிட்டார். எட்டாம் ஆண்டு மகன். ரெண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். ரெண்டிலும் இடது காதில்தான் குறை. "நாலு தரம் கூப்பிட்டாத்தான் திரும்புவான் சேர், சொல் கேக்கிறதே இல்ல" என்றார் உம்மா. சொல் கேட்காத பிள்ளையென்று அவன் எவ்வளவு ஏச்சு வாங்கியிருப்பான்! அவனுக்குச் சத்தமே கேட்கவில்லை.

இப்போது அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறான். வகுப்பில் வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கிற மாதிரி முன்னால் உட்கார்கிறான். கம்பியூட்டரில் 'மோனோ ஓடியோ' போட்டுக் கொடுத்தோம். ரெண்டு பக்கச் சத்தமும் நல்ல காதிலேயே கேட்கும்.

மற்றப் பிள்ளைகளுக்கும் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். உலக சுகாதார அமைப்பு பிள்ளைகளுக்குச் சொல்லும் எல்லை 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணித்தியாலம் மட்டும்.

ஹெட்செட்டை மாற்றிப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். இன்றைக்கே பாருங்கள்.