கற்பிட்டிக் கடலும் அதன் பங்காளிகளும்

புத்தளத்திற்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுத் திரும்பினால், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் அணைத்து நிற்க, வடதிசை நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தைக் காணலாம். அதன் தலைமாட்டில் அமைந்த பழம்பதியே கற்பிட்டி. உப்பளங்களையும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கியையும் கடந்து நாம் அவ்வூரை அடைந்தோம். 1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை இன்று கடற்படையினர் வசம் உள்ளது. கோட்டையைக் கண்டு மீள்வோர் பலர். நாமோ கடலையும் அதனை நம்பி வாழ்வாரையும் காணவே சென்றோம்.

சோளகம் ஓய்ந்து, கார்த்திகை முதல் பங்குனி வரை இம் மேற்குக் கடல் அமைதியுறும். அப்பொழுது வேற்றூர் மீனவரும் வந்து, பத்தலங்குண்டு முதலிய தீவுகளில் வாடி அமைத்துத் தங்குவர். சூரையும் அறக்குளாவும் பாரையும் கரையேறும். கருவாடு மணலிற் காயும். அதே மாதங்களிலேதான் துள்ளி விளையாடும் ஓங்கில் கூட்டங்களைக் காணவும், தூண்டிலிட்டுப் பொழுதுபோக்கவும் உல்லாசப் பயணிகள் வருகின்றனர். கடல் ஒன்று, காலம் ஒன்று, நாடி வருவோரோ இரு திறத்தார். ஒருவர்க்கு மீன் அடுப்பெரிக்கும் பொருள். மற்றவர்க்கு இன்பப் பொழுது.

2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் பயணிகள் தொகை பெருகிற்று. பதினான்கு தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டமும் வகுக்கப்பட்டது. கரைவலை இழுக்கும் மணலும் வாடி போடும் திடலும் கைவிட்டுப் போகுமோ என மீனவர் அஞ்சினர். ஆயினும், தம் படகிலே பயணிகளை ஏற்றிச் சென்று வருவாய் காணும் மீனவரும் அவருள்ளே உளர். ஆகவே, இதனை ஏழை செல்வர் வழக்காக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

இத்தகைய வழக்கை வேறு நாட்டார் எவ்வாறு தீர்க்கின்றனர்? அமெரிக்காவின் அலாஸ்காவில் சால்மன் என்னும் மீன் ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே மீளுகின்றது. ஆற்றோரக் கோபுரங்களில் நின்றும், ஒலியலைக் கருவிகளைக் கொண்டும் அம்மீன்களை அதிகாரிகள் எண்ணுகின்றனர். இனம் பெருகப் போதிய மீன்கள் ஆற்றில் ஏறுதல் வேண்டும் என்பதே முதல் விதி. எஞ்சியதிலும் குடும்ப உணவுக்காகப் பிடிப்போர்க்கே சட்டம் முன்னுரிமை தருகின்றது. வணிக வலையும் விளையாட்டுத் தூண்டிலும் அதற்குப் பின்னரே. நம் உழவரும் விதைநெல்லை எடுத்துவைத்த பிறகன்றோ குதிருக்கும் சந்தைக்கும் பங்கிடுவர்!

கற்பிட்டிக் கடலில் மீனை நின்று எண்ணத்தக்க ஆற்றுவாய் இல்லை. ஆனால் மீனினம் பெருகும் மனை உண்டு. அதுவே கரைக்கப்பால் விரிந்துள்ள முருகைக்கற்பாறைத் திடல். 1992இல் அதனைச் சூழ்ந்த முந்நூறு சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடற்பரப்பு சரணாலயமாக்கப்பட்டது. 1998இல் கடல்நீர் சூடேறியதால் ஆழமற்ற இடத்து முருகை வெளிறி மாண்டது. பல்லாண்டுகளில் மெல்லத் தளிர்த்தது. 2016இல் மீண்டும் வெளிறியது. வெப்பத்தால் நலிந்த அம்மனையின்மேல் வலையும் நங்கூரமும் வீழ்ந்தால் அது எங்ஙனம் மீளும்? இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது. வெடி வைத்து மீன் பிடித்தலும் குற்றமே. எனினும் ஏட்டிலுள்ள விதி கடலிற் காவல் புரியாது.

மீன்துறையில் இறங்கும் மீனோடு பயணியின் தூண்டிலில் அகப்படும் மீனும் கணக்கில் ஏறுதல் வேண்டும். முருகைத் திடலின் ஒரு பகுதியை வலைஞரும் படகோட்டிகளும் கூடிப் பேசி, இரு சாராரும் தீண்டாது விடுதல் வேண்டும். விடுதிகள் எழும் கரையில் கரைவலைக்குரிய இடம் முன்னரே வரையறுக்கப்படல் வேண்டும். முதற் பங்கு மீனுக்கு, அடுத்தது மீனவர் உலைக்கு, அதன் பின்னரே சந்தைக்கும் விருந்தினர்க்கும் என்னும் வரிசை பிறழாதிருப்பின், வாடியும் விடுதியும் ஒரே கரையில் வாழலாம். வரிசை பிறழின், பங்கிட்டுக்கொள்ள யாதும் எஞ்சாது.