இரண்டு இலக்கத் தண்ணீர்

அரியலூர். கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம். காலை எட்டு மணிக்கே மாடித் தரை காலைச் சுடுகிறது.

படி முடியும் இடத்தில் பச்சை நிழல்வலை. வலைக்குக் கீழே மரப்பலகை. பலகைமேல் தட்டு. தட்டில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீரில் நிற்கும் வெள்ளைத் தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செடி. ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு வாய். உள்ளே சிவப்பு. ஓரங்களில் முள்வரிசை.

வீனஸ் ஃபிளைட்ராப். வீட்டில் அதற்கு 'ஈ புடிக்கிற செடி' என்று பெயர். சொந்த ஊர் அமெரிக்காவில், வட, தென் கரோலினாவின் கடலோர ஈர நிலம். இங்கே கூரியரில் வந்தது. கூடவே வந்த கறுப்புத் தொட்டி சுவரோரம் காலியாகக் கிடக்கிறது. தொட்டால் கை பொசுங்குகிறது.

கல்லூரி மாணவி ஒருத்தி மேலே வருகிறாள். கையில் பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது. போர் தண்ணீரில் நனைக்கிறாள். மூன்று இலக்கம். கேன் தண்ணீரில் நனைக்கிறாள். இரண்டு இலக்கம். செடிக்கு ஐம்பதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மீட்டரைத் துடைத்து மூடியைப் போடுகிறாள். கேன் தண்ணீர் தட்டில் இறங்குகிறது. பலகையைச் சுற்றிக் கிடக்கும் சாக்கை நனைக்கப் போர் தண்ணீர் போதும்.

கீழே குழாய் மூக்கில் வெள்ளைத் திட்டு. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் படலம். ஜன்னல் விளிம்பில் சுருண்ட கல் ஒன்று. அம்மோனைட். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் வாசலில் லாரி லாரியாகப் போகிறது. சிமெண்ட் ஆலைகளுக்கு அது சரக்கு. தண்ணீரில் கரைந்து வந்தால் செடியின் வேரைக் கருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை ஆட்டுப் புழுக்கையோடு வருகிறார். அவர் வீட்டு ரோஜா அதில்தான் பூக்கிறது. இந்தத் தொட்டியில் எரு இல்லை. மண்ணே இல்லை. பீட் பாசியும் பெர்லைட்டும் மட்டும். சத்தில்லாத நிலத்தில் பிறந்த இனம், தழைச்சத்துக்குத்தான் பூச்சி. மாணவி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாள். புழுக்கை கறிவேப்பிலைக்குப் போகிறது.

ஒரு நாள் கேன் வண்டி வரவில்லை. மாலையில் அப்பா இன்வெர்ட்டர் பேட்டரியின் மூடியைத் திறக்கிறார். டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். பாதிதான் இருக்கிறது. மாடிப்படியைப் பார்க்கிறார். மூடியைத் திருகுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூரிலிருந்து அத்தை குடும்பம். நான்கு பிள்ளைகள், நான்கு ஈர்க்குச்சிகள். வாயின் ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று உணர்முடிகள். ஒரு முறை தொட்டால் அசையாது. இருபது விநாடிக்குள் மறுபடி பட்டால் மூடும். முதல் குச்சி. மூடுகிறது. கைதட்டல். இரண்டாவது குச்சி. கைதட்டல். மூன்றாவது போன் வீடியோவில் சரியாக விழவில்லை. "இன்னொரு தடவை."

மூடிய வாய்களுக்குள் ஒன்றுமில்லை. மறுபடி திறக்க ஒரு நாள் போல ஆகும். ஒவ்வொரு வாய்க்கும் சில தடவைகள்தான் கணக்கு. ஈக்கள் கீழே எச்சில் இலைகளில் மொய்க்கின்றன.

நான்காவது பிள்ளை குச்சியைப் போட்டுவிட்டு சிக்கன் 65 துணுக்கு ஒன்றை வைக்கிறான். பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875இல் புத்தகம் எழுதிய சார்லஸ் டார்வினும் இதன் இலைகளுக்கு இறைச்சி கொடுத்துப் பார்த்தவர்தான். அதில் மசாலா இல்லை. புதன்கிழமை அந்த வாய் கறுத்துக் கிடக்கிறது. மாணவி கத்திரிக்கோலால் நறுக்குகிறாள்.

பதினொரு மணி. வலை இழுக்கப்படுகிறது. காலை வெயில் வேண்டும். உச்சி வெயில் வேண்டாம். வலையின் நான்கு மூலையிலும் நான்கு செங்கல். இரண்டு மணிக்குள் தட்டில் தண்ணீர் குறைந்துவிடுகிறது. மறுபடி சொம்பு. ஐந்து மணிக்கு மறுபடி சொம்பு.

டெங்கு தடுப்புப் பணியாளர் வருகிறார். டார்ச் அடிக்கிறார். பூந்தொட்டி, டயர், ஆட்டுக்கல். பிறகு மாடி. ஈ பிடிக்கும் செடியின் தட்டில் கொசுப்புழுக்கள் நெளிகின்றன. தட்டு கவிழ்கிறது. இரண்டு இலக்கத் தண்ணீர் மாடித் தரையில் ஓடி, சாக்கடைக் குழாயை எட்டும் முன்பே காய்கிறது. சுவரில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அவர் தெருமுனை திரும்பியதும் சொம்பு மேலே போகிறது. இனி இரண்டு நாளைக்கொரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும்.

மார்கழிக்கும் பேச்சு முடிந்துவிட்டது. செடிக்கு மூன்று மாதமாவது குளிர்காலத் தூக்கம் வேண்டும். அரியலூர் மார்கழியின் குளிர் காணாது. ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. மாவுப் பாத்திரத்தில் படக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேற்கே இருட்டுகிறது. கோடை மழை. மாடியில் பக்கெட், அண்டா, குண்டான், பெயின்ட் டப்பா. எல்லாம் கவிழ்த்தே இருக்கின்றன. முதல் மழை லாரித் தூசியைக் கழுவிக்கொண்டு போகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரங்கள் நிமிர்கின்றன.

மழை விடுகிறது. மீட்டர் நனைகிறது. ஒற்றை இலக்கம். மாணவி ஐந்து பாட்டில்களோடு வருகிறாள். அண்டாவுக்கு முன்னால் அப்பாயி நிற்கிறார். இடுப்பில் துவரம்பருப்பு டப்பா. போர் தண்ணீரில் இந்த வீட்டுப் பருப்பு எத்தனை விசில் வந்தாலும் குழைவதில்லை.

"மொதல்ல எனக்கு ரெண்டு சொம்பு ஊத்து. மிச்சத்த ஒஞ் செடிக்கு வச்சுக்க."

சொம்பு இரண்டு போகிறது. பாட்டில்கள் நிரம்புகின்றன. மாணவி மார்க்கரால் எழுதுகிறாள். செடி. செடி. செடி. அப்பாயி கையை நீட்டி மார்க்கரை வாங்குகிறார். மீதி இரண்டிலும் நிதானமாக எழுதுகிறார். பருப்பு.